அண்ணன் வீட்டு யன்னலுக்கு ஒரு மறைப்பு

கனடாவில், ஸ்காபரோவில் ஒரே கம்பனி கட்டிய இரண்டு தொடர்மாடிக் கட்டடங்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. நடுவில் கார் நிறுத்தும் இடமும் குப்பைத் தொட்டிகளும். ஒன்றில் நானும் மனைவியும் இருக்கிறோம். மற்றதில், எங்களுக்கு நேர் எதிரே, அதே உயரத்து மாடியில் அண்ணன் தனியாக இருந்தார். நல்லது கெட்டதற்குப் பக்கத்தில் இருப்போம் என்று இரண்டு பேரும் சேர்ந்து போய் எடுத்த வீடுகள் அவை. பிறகு எங்கள் பேச்சு நின்றது. வீடுகள் நின்ற இடத்திலேயே நின்றன.

பேச்சு நின்ற கதையைச் சொன்னால் வெளியார் சிரிப்பார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கமாட்டார்கள். அம்மா ஊரில் மோசம் போனபோது இங்குள்ள தமிழ் வானொலிக்கு மரண அறிவித்தல் கொடுத்தவர் அண்ணன். இன்னாரின் அன்புத் தாயாரும், இன்னாரின் பாசமிகு மாமியாரும் என்று நீளமாக வாசித்தார்கள். மருமக்கள் வரிசையில் என் மனைவியின் பெயர் இல்லை. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. காலை, மதியம், இரவு என்று பெயர் இல்லாமலே திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மரண அறிவித்தலில் ஒரு பெயர் விடுபட்டால் எங்கள் சனம் செத்தவரை விட்டுவிட்டு விடுபட்டவரைப் பற்றித்தான் கதைக்கும். போன் மேல் போன் வந்தது. "என்ன, வீட்டுக்குள்ள ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நான் அண்ணனுக்குப் போன் எடுத்தேன். "பேரை விட்டிட்டியள். திருத்தி வாசிக்கச் சொல்லுங்கோ."

"அம்மா செத்துக் கிடக்கிறா. நீ பேருக்கு நிக்கிறாய்," என்றார் அவர்.

அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது. "எனக்கு ஒண்டுமில்லை, அதை விடுங்கோவன்," என்று மனைவி எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். விடுபட்டது அவளுடைய பெயர். கோபம் என்னுடையது. ஒரு போன் எடுத்துத் திருத்தச் சொல்ல அண்ணனுக்கு என்ன குறைந்துபோயிருக்கும் என்று இன்றைக்கும் கேட்பேன்.

ஆனால் அண்ணன் எழும்பிவிட்டாரா இல்லையா என்பது ஒவ்வொரு நாளும் எங்களுக்குத் தெரியும். அவருடையது ஒற்றை அறை வீடு. அந்த அறைக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய யன்னல். அதில் மண்ணிறத்தில் ஒரு தடித்த வெல்வெட் திரை தொங்கியது. அண்ணி உயிரோடு இருந்த காலத்தில் வாங்கியது. ஒரு பக்கத்துக் கொளுக்கி கழன்று சரிந்துபோய் இருக்கும். காலையில் அண்ணன் அதைக் கையால் இழுத்துத் திறப்பார். அது பாதியில் சிக்கும். இன்னொரு தரம் இழுப்பார். பிறகு தேநீர்க் குவளையோடு யன்னலடியில் நின்று எங்கள் பக்கம் பார்ப்பார். நாங்களும் பார்ப்போம். கை காட்டுவதில்லை, சிரிப்பதில்லை. "அத்தான் எழும்பீட்டார்," என்று சொல்லிவிட்டு மனைவி தேநீர் போடக் குசினிக்குள் போவாள்.

சும்மா பார்க்கவில்லை. அண்ணன் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்த ஆள். சீனி வருத்தமும் இருந்தது. மகள் நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக்கொண்டு போனபோது எவ்வளவோ கூப்பிட்டும் அவர் போகவில்லை. போன் அடித்தாலும் நினைத்தால்தான் எடுப்பார். ஒருநாள் மதியமாகியும் திரை விலகவில்லை. மனைவி அண்ணன் மகளுக்குப் போன் அடித்து, அவள் வேலையிலிருந்து ஓடிவந்து பார்த்தால், தடிமனுக்குக் குளிசை போட்டுவிட்டு மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து எங்களுக்கு அந்தத் திரைதான் கணக்கு. அது விலகினால் அண்ணன் உயிரோடு இருக்கிறார். வேறு செய்தி எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு இலையுதிர் காலத்து மத்தியானம் அண்ணன் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கே வளர்ந்த பிள்ளை. சித்தி கொடுத்த தேநீரைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தை எடுத்தாள்.

"சித்தப்பா, ஐ நோ நீங்களும் அப்பாவும் கதைக்கிறேல்ல. பட், இது பிளைன்ட்ஸ் விஷயம். உங்களை விட்டா எனக்கு ஆரைத் தெரியும்?"

நான் இந்த நாட்டில் உழைத்த காலமெல்லாம் யன்னல் மறைப்புகள் செய்யும் ஒரு பிளைன்ட்ஸ் தொழிற்சாலையில் உழைத்தவன். துணி வெட்டியிருக்கிறேன், குழாய் வெட்டியிருக்கிறேன், கயிறு கோர்த்திருக்கிறேன். ஓய்வு எடுத்த பிறகு என்னிடம் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்டவுடன் வாயை மூடிக்கொண்டிருக்கவும் என்னால் முடியவில்லை.

"என்ன பிரச்சினை?"

"அப்பான்ர ரூம் சரியான குளிர். ஹீற்றரைக் கூட்டிவிட்டாலும் காணாது. கூட்டவும் விடமாட்டார், கரண்ட் வீணாகுது எண்டுவார். நான் பூமிக்கும் கூடாத சாமான் வாங்க மாட்டன். எனேர்ஜி சேவ் பண்ணுற மாதிரி ஏதாவது?"

போனில் அவள் தெரிந்தெடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினாள். முதலாவது வினைல் ரோலர். "உது வேண்டாம்," என்றேன். "உது பிளாஸ்ரிக். வெயில் பட்டால் மணக்கும். உன்ர அப்பான்ர நெஞ்சுக்கு அந்தக் காத்து ஆகாது. கழட்டி எறிஞ்சாலும் உது மண்ணில உக்காது." அடுத்தது மூங்கில். பார்க்க வடிவு, பூமிக்கும் நல்லதுதான், ஆனால் ஓட்டைக்குள்ளால் குளிர் நேரே உள்ளே வரும். அதற்கடுத்தது நிலம் தொடும் தடித்த திரை. அண்ணன் வீட்டில் தொங்குவதும் அதே மாதிரித்தான்; அதைத்தான் முதலில் கழற்றி எறியச் சொன்னேன். எங்கள் கட்டடங்களில் ஹீற்றர் யன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டி இருக்கிறது. திரை அதை மூடிக்கொண்டு தொங்கினால் சூடு திரைக்குப் பின்னால் ஏறிக் கண்ணாடி வழியாக வெளியே போய்விடும். அண்ணன் இத்தனை குளிர்காலமாக அறையை விட்டுவிட்டு கார் நிறுத்தும் இடத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்திருக்கிறார். நெருப்புப் பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம்.

"அப்ப எது?"

"தேன்கூடு மாதிரி அறை அறையா இருக்கும், அது. ரெட்டை அறை வைச்சது. அந்த அறைக்குள்ள நிக்கிற காத்துத்தான் குளிரை மறிக்கும். துணி, பழைய போத்திலை உருக்கி நெய்யிறது இருக்கு, அதை எடு. ரெண்டு கரையிலயும் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டம் வைக்கச் சொல்லு. இல்லாட்டி இடுக்கால எல்லாம் போயிடும். ஹீற்றருக்கு மேலே, யன்னல் கட்டோட முடிய வேணும். கீழ இறங்கக் கூடாது."

"அப்பாவுக்குக் கை மேல எழும்பாது, சித்தப்பா. தோள்மூட்டு."

"அப்ப மோட்டர் வைச்சது எடு. ரிமோட்டில அமத்தினாக் காணும். கண்ணாடியில ஒட்டுற சின்ன சோலார் தகடு இருக்கு, வெயில்லயே சார்ஜ் ஏறும்."

அளவெடுக்க அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரே கம்பனி, ஒரே யன்னல். அலுமாரிக்குள் கிடந்த பழைய அளவு நாடாவை எடுத்து என்னுடைய யன்னலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்தேன். மனைவி கதவு நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டு யன்னலுக்குப் பிளைன்ட் போட்டுத்தாருங்கள் என்று அவள் எத்தனை வருடமாகக் கேட்டாள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. நிறத்தையும் நான்தான் தெரிந்தெடுத்தேன். மங்கிய வெள்ளை. பனிக்காலத்தில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் கறுப்பு விழுங்கிவிடும். தனியாக இருக்கிற ஆளுக்கு அது கூடாது.

போகும்போது அவளுக்கு ஒன்றை அழுத்திச் சொன்னேன். "எந்த நேரமும் மூடி வைக்கக் கூடாது. பகலில திறந்து வெயிலை உள்ள விட வேணும், பொழுதுபட மூட வேணும். மூடியே வைச்சால் கண்ணாடி வேர்த்து ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். அது நெஞ்சுக்கு நஞ்சு. அப்பாட்டை மறக்காமச் சொல்லு."

"சொன்னாக் கேப்பாரோ தெரியேல்ல. நான் பாத்துக்கொள்ளுறன்," என்றாள்.

"ஆர் தெரிஞ்செடுத்தது எண்டு கேட்டால் கடைக்காரன் எண்டு சொல்லு."

பிளைன்டைக் கொண்டுவந்து யன்னலில் பூட்டிய நாள் நானும் மனைவியும் யன்னலை விட்டு அசையவில்லை. வேலையாள் ஏணியில் ஏறி அந்த வெல்வெட் திரையை இறக்கினான். அண்ணன் கீழே நின்று அதை இரண்டு கையாலும் வாங்கினார். பின்னேரம் வெள்ளைப் பிளைன்ட் மேலிருந்து கீழே ஒரு கோணலும் இல்லாமல் சீராக இறங்கி வந்தது. என் கையால் செய்த பிளைன்ட்ஸ் எத்தனையோ ஆயிரம் யன்னலில் தொங்குகிறது. எதைப் பார்த்தும் எனக்கு அன்றைக்குப் போல இருந்ததில்லை. அதை மனைவிக்குக் காட்டாமல் "நல்லாத்தான் பூட்டியிருக்கிறான்," என்றேன்.

அடுத்த கிழமை அண்ணன் மகள் போனில் சொன்னாள்: "அப்பா கேட்டவர், சித்தப்பா. கடைக்காரன்தான் தெரிஞ்செடுத்தவர் எண்டு சொன்னன். 'கடைக்காரனுக்கு என்ர நெஞ்சில இவ்வளவு அக்கறையோ' எண்டு சிரிச்சவர்."

அதை மனைவிக்குச் சொன்னேன். "பாத்தியளோ, அத்தானுக்கு விளங்கியிட்டுது. நத்தார் லீவுக்குள்ள போய் ஒருக்காக் கதைச்சிட்டு வாங்கோ," என்றாள். பார்ப்போம் என்றேன். நத்தார், புதுவருடம் எல்லாம் போனது. தைப்பொங்கலும் போனது. தை பிறந்த பிறகு போகலாம் என்றிருந்தவன், குளிர் கொஞ்சம் குறையட்டும் என்று சொல்லத் தொடங்கினேன்.

பிளைன்ட் மட்டும் நேரம் தவறவில்லை. முன்பு அண்ணன் திரையைத் திறப்பது தன் எண்ணப்படி; ஒருநாள் விடிய, ஒருநாள் பத்து மணிக்கு. இப்போது வெயில் ஏற மேலே போய்விடும், பொழுதுபட இறங்கிவிடும். "ரிமோட் கைக்கு வந்ததும் உன்ர அத்தான் மனுசனாயிட்டார்," என்று மனைவியைப் பகிடி பண்ணினேன். முதல் மாதங்களில் பிளைன்ட் மேலே போய்க் கொஞ்ச நேரத்தில் அவரும் குவளையோடு வந்து நிற்பார். பிறகு கடுங்குளிர் தொடங்கியது. கண்ணாடியில் உறைபனி படர்ந்து, எங்கள் யன்னலிலேயே சுரண்டித்தான் வெளியே பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு காலை மனைவி சொன்னாள்: "அத்தானை ரெண்டு மூண்டு நாளாக் காணேல்ல."

"இந்தக் குளிருக்குள்ள யன்னலடியில நிண்டு என்ன செய்யிறது? பிளைன்ட் மேல போகுதெல்லோ."

"அது போகுது," என்றாள். சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அண்ணன் மகள் போன் எடுத்தது அதற்கு அடுத்த நாள் பின்னேரம். அவளுடைய பிள்ளைகள் இரண்டுக்கும் காய்ச்சல், அந்தக் கிழமை தகப்பனைப் பார்க்க அவள் வரவில்லை.

"சித்தப்பா, அப்பா போன் எடுக்கிறாரில்லை. நேற்றும் எடுக்கேல்ல. வழமையா இப்பிடித்தான் எண்டு இருந்திட்டன். இப்ப ஏதோ மாதிரி இருக்கு. நான் வெளிக்கிட்டிட்டன், பட் இஞ்ச சரியான ஸ்நோ. ப்ளீஸ், நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"பயப்பிடாத பிள்ளை. காலமையும் பிளைன்ட் திறந்தது. நானே பாத்தனான்."

"சித்தப்பா, அது..." என்று தொடங்கியவள் முடிக்காமல், "கெதியாப் போங்கோ," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

நான் சப்பாத்தையும் கோட்டையும் மாட்டினேன். முழங்கால் வருத்தத்தோடு மனைவிக்குப் பனியில் நடக்க முடியாது. "நான் இஞ்ச யன்னலடியிலயே நிக்கிறன். போனதும் எனக்குச் சொல்லுங்கோ," என்றாள். எதிரே பிளைன்ட் மேலே ஏறித்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்குத் தெம்பு வந்தது. கார் நிறுத்தும் இடத்தைக் கடக்கும்போது, கதவைத் திறந்ததும் முதல் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். பெயர் விஷயத்தை எடுப்பதில்லை என்று முடிவுசெய்தேன். பிளைன்ட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கலாம். அதில் ஒருவருக்கும் வெட்கமில்லை.

கதவைத் தட்டினேன். "அண்ணை, நான்தான்." திரும்பவும் தட்டினேன். "அண்ணை."

நான் போய்க் கூப்பிட, கட்டடத்துப் பொறுப்பாளர் திறப்போடு வந்து திறந்துவிட்டார். உள்ளே குளிர்ந்து கிடந்தது. அண்ணன் ஹீற்றரைக் குறைத்து வைத்திருந்தார். உள்சுவரோடு இருந்த கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காலில் அந்தப் பழைய வெல்வெட் திரையை இரண்டாக மடித்துப் போர்த்தியிருந்தார். தோளைத் தொட்டேன். தொட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. சில நாட்கள் ஆகியிருக்கும் என்று பிறகு வந்தவர்கள் சொன்னார்கள். அதைச் சொல்ல எனக்கு அவர்கள் தேவைப்படவில்லை.

பொறுப்பாளர் அவசர உதவிக்குப் போன் பேசிக்கொண்டு வெளியே போனார். நான் அறை நடுவில் நின்றேன். சில நாட்கள் என்றால் காலையில் பிளைன்டைத் திறந்தது யார்? நேற்றுத் திறந்தது யார்? புத்தியில் அது ஏறவில்லை. யன்னலடியில் ஒரு கதிரை, எங்கள் வீட்டைப் பார்த்தபடி. யன்னல் கட்டின் மேல் ஒரு குவளை, அடியில் தேநீர் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் ரிமோட். அதைச் சுற்றியிருந்த பொலித்தீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.

அப்போது யன்னலுக்கு மேலே மோட்டர் மெல்லிய சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. வெளியே பொழுது பட்டிருந்தது. யாரும் தொடாமல், யாரும் சொல்லாமல், நான் தெரிந்தெடுத்த வெள்ளைப் பிளைன்ட் ஒரு கோணலும் இல்லாமல் சீராக இறங்கி வந்து யன்னல் கட்டோடு நின்றது. பகலில் திறந்து பொழுதுபட மூட வேண்டும் என்று நான் சொன்னதை, தகப்பன் கேட்கமாட்டார் என்று மகள் ஸ்ரௌவ்வில்லில் இருந்தபடி போனில் நேரம் குறித்து வைத்திருந்திருக்கிறாள். பூட்டிய நாளிலிருந்தே. நாங்கள் காலையில் பார்த்துத் தேநீர் போட்டதெல்லாம் இந்த மோட்டரைப் பார்த்துத்தான்.

என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. மனைவி.

"இஞ்சருங்கோ, பிளைன்ட் இறங்குது!" அவளுக்கு மூச்சு வாங்கியது, சிரிப்பும் கலந்திருந்தது. "அத்தான் இருக்கிறார் என்ன? முருகா, நான் எவ்வளவு பயந்து போனன். பிள்ளைக்கு உடனே போன் அடிச்சுச் சொல்லுங்கோ. அவசரப்பட்டு வராதேங்கோ, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ. கதைச்சனீங்களோ? என்ன சொல்லுறார்?"

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். ரிமோட்டை எடுத்து உறையைப் பல்லால் கிழித்தேன். அழுத்தினேன். பிளைன்ட் மேலே போனது. அறை விளக்கைப் போட்டு, கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டிவிட்டு யன்னலடியில் நின்றேன், அண்ணன் நிற்கிற இடத்தில். அங்கிருந்து எங்கள் வீடு முழுக்கத் தெரிந்தது. நான் இருக்கிற கதிரை, தொலைக்காட்சி, குசினி வாசல், எல்லாம். மனைவி யன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒரு கையில் போன். என்னைக் கண்டதும் மற்றக் கையைத் தூக்கி ஆட்டினாள். எனக்குப் பின்னால் அண்ணனைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தாள்.

நான் தலையை இல்லை என்று ஆட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் ஆட்டினேன். தூக்கிய கை அப்படியே நின்று, பிறகு மெல்லக் கீழே இறங்கியது.